பிளான்டர் கப்பலின் மீகாமன்

கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும், மணல் திட்டுகளில் தட்டாமல் அதை நடத்திச் செல்கிறவனுக்கு மீகாமன் என்று பெயர். கடலோரப் பங்குகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கப்பல் தலைவன் எவ்வளவு பெரிய அதிகாரியாயிருந்தாலும் அந்தச் சிறிது நேரம் மீகாமன் காட்டுகிற வழியில்தான் போயாக வேண்டும். ஆனால் 1861-ம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், இந்த வேலையை வெகு திறமையாய்ச் செய்துவந்த ஒரு வாலிபனை யாரும் மீகாமன் என்று அழைக்கவில்லை. அந்தப் பட்டம் வெள்ளையருக்கு மட்டுமே உரியது. அவனோ கறுப்பன், அதிலும் அடிமை. ஆகையால் அவனுக்குச் சக்கரக்காரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். சுக்கானைத் திருப்பும் சக்கரத்தைப் பிடிக்கிற ஆள், அவ்வளவுதான். வேலை ஒன்று, பெயர் வேறு, கூலியும் வேறு. அந்த வாலிபனின் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். தனக்கு எழுத்தறிவே மறுக்கப்பட்டிருந்த இவர் பின்னாளில் தம் மாகாணத்துச் சட்டசபையில் உட்கார்ந்து, ஏழைக் குழந்தைகள் எல்லோருக்கும் பள்ளிக்கூடம் கேட்டவர். அவருடைய சரித்திரத்தை இந்த வாரம் சொல்ல விரும்புகிறேன்.

ராபர்ட் 1839-ம் ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி, பியூபோர்ட் என்ற கடற்கரைச் சிற்றூரில், மக்கீ குடும்பத்தாரின் பெரிய வீட்டுக்குப் பின்புறமிருந்த குடிசை ஒன்றில் பிறந்தார். தாய் லிடியா அந்த வீட்டு அடிமை. அருகிலிருந்த தீவு ஒன்றின் தோட்டத்தில் பிறந்து, சிறு பெண்ணாயிருக்கும்போதே வீட்டு வேலைக்கென்று ஊருக்குள் கொண்டுவரப்பட்டவள். தகப்பன் பெயரைச் சொல்லி வளர்க்கிற பாக்கியம் அந்தப் பிள்ளைக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் வீட்டு எஜமான் ஹென்றி மக்கீ சிறுவன்மேல் பிரியமாயிருந்தார். நல்ல சாப்பாடு, லேசான வேலை. மற்ற அடிமைப் பிள்ளைகள் படுகிற பாடு இவனுக்கு இல்லை.

இதைக் கண்டு வேறொரு தாயாயிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். லிடியாவோ பயந்தாள். எஜமானின் தயவில் வளரும் பிள்ளை, தன் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறியாமலே போய்விடுமோ என்று கவலைப்பட்டாள். ஆகவே மகனைக் கூட்டிக்கொண்டு போய், அடிமைகளை ஏலம் விடுகிற இடத்தையும், கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிற இடத்தையும் பார்க்கச் செய்தாள். பெற்ற தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய பாடங்களில் இது மிகவும் கசப்பான பாடம். பிள்ளைகளின் கண்ணில் எந்தத் துன்பமும் படக்கூடாது என்று மறைத்து வளர்க்கும் நம்மில் பலருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடம் பலித்தது, தாய் எதிர்பார்த்ததற்கு அதிகமாகவே பலித்தது. சிறுவன் முரண்டு பிடிக்கலானான். அடிமைகள் வெளியே நடமாடக்கூடாத நேரத்தில் நடமாடிப் பிடிபட்டான், சிறையிலும் அடைக்கப்பட்டான், எஜமான் போய் மீட்டுவந்தார். இப்படியே விட்டால் பிள்ளையை உயிரோடு பார்க்க முடியாது என்று அஞ்சிய லிடியா, அவனைச் சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூலி வேலைக்கு அனுப்பிவிடும்படி எஜமானிடம் மன்றாடினாள். அப்போது ராபர்ட்டுக்கு வயது 12.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ராபர்ட் பிறந்த அதே 1839-ம் ஆண்டு டிசம்பர் மாதம், பாப்பரசர் 16-ம் கிரகோரியார் அடிமை வியாபாரத்தைக் கண்டித்து நிருபம் ஒன்று வெளியிட்டார். அந்த நிருபம் சார்ல்ஸ்டன் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே மேற்றிராணியாராயிருந்த ஜான் இங்கிலாந்து ஆண்டகை நல்ல குரு, கல்விமான். நகரத்தில் இருந்த, அடிமைகளல்லாத கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1835-ல் பள்ளிக்கூடம் திறந்து, ஊரார் கலகம் செய்யப் போவதாக மிரட்டியதால் அதை மூட நேர்ந்தவர். அப்படிப்பட்டவரே, பாப்பரசர் கண்டித்தது கடல் கடந்து ஆள் பிடித்து விற்கும் வியாபாரத்தை மட்டும்தான், அமெரிக்க வீடுகளிலும் தோட்டங்களிலும் உள்ள அடிமைத்தனத்தை அல்ல என்று வாதாடிப் பத்திரிகையில் வரிசையாகக் கடிதங்கள் எழுதினார். அவருக்குப் பின் வந்த லிஞ்ச் ஆண்டகையின் பொறுப்பில் அடிமைகளே இருந்தார்கள். யுத்த காலத்தில், 1864-ல், தென்னாட்டுத் துரைத்தனத்தின் தூதராய் அவர் உரோமைக்கும் போனார். பாப்பரசர் 9-ம் பத்திநாதர் அவரை மேற்றிராணியார் என்ற முறையில் வரவேற்றாரேயொழியத் தூதராக ஏற்கவில்லை. நம் சபையைச் சேர்ந்தவர்கள் செய்ததாயிற்றே என்று இதையெல்லாம் மறைப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

நிற்க. சார்ல்ஸ்டனில் சிறுவன் ராபர்ட் முதலில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தான். பிறகு தெரு விளக்கு ஏற்றும் வேலை. பிறகு துறைமுகம் அவனை இழுத்துக்கொண்டது. மூட்டை ஏற்றி இறக்கினான், கப்பலின் கயிறுகளைக் கட்டக் கற்றான், பாய் தைத்தான், கடைசியில் சுக்கான் பிடித்தான். சம்பாத்தியத்தில் வாரத்துக்கு ஒரு டாலர் அவன் கையில் நிற்கும். மிச்சமெல்லாம் பியூபோர்ட்டில் இருந்த எஜமானுக்குப் போய்ச் சேரும். ஆனால் எஜமானுக்குப் போகாத ஒன்றும் சேர்ந்துகொண்டே வந்தது. துறைமுகத்தின் நீரோட்டம் எங்கே இழுக்கும், மணல் எங்கே மேடிட்டிருக்கிறது, எந்தக் கோட்டைக்கு எந்தச் சைகை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவன் தலைக்குள் ஏறியிருந்தது. ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. ஏனெனில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது தென் கரோலினாவில் 1834-ம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கற்றுக்கொடுப்பவன் வெள்ளையனாயிருந்தால் அபராதமும் சிறையும், கறுப்பனாயிருந்தால் சவுக்கடி.

1856-ம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் ராபர்ட், ஓட்டல் வேலைக்காரியாயிருந்த ஹன்னா என்பவளை விவாகம் செய்துகொண்டான். அவளும் அடிமை, ஆனால் வேறொரு எஜமானுக்குச் சொந்தம். இரண்டு ஆண்டுக்குள் பெண் குழந்தை பிறந்தது. அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளை தாயின் எஜமானுக்கே சொத்து. அவர் விரும்பினால் நாளைக்கே தாயை ஓர் ஊருக்கும் பிள்ளையை வேறோர் ஊருக்கும் விற்றுவிடலாம். மெய்விவாகத்தால் கடவுள் இணைத்ததை ஓர் ஏலக்காரன் தன் சுத்தியலைத் தட்டிப் பிரித்துவிடலாம் என்பதே அந்த நாட்டுச் சட்டம். ஆகையால் ராபர்ட் அந்த எஜமானிடம் போய், மனைவியையும் குழந்தையையும் விலைக்குக் கேட்டான். 800 டாலர் என்று பேசி முடிந்தது. வாரம் ஒரு டாலர் சம்பாதிக்கிறவன் 800 டாலர் சேர்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதை வாசகர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கணக்கை அவனும் போட்டிருந்தான். 1861-ல் மகன் ஒருவனும் பிறந்தான்.

அதே ஆண்டு ஏப்ரல் மாதம் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமைத்தனத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு ஐக்கிய நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாகாணங்கள், சார்ல்ஸ்டன் துறைமுகத்து வாயிலில் இருந்த சம்டர் கோட்டையைச் சுட்டுப் பிடித்தன. வடநாட்டுக் கப்பற்படை துறைமுகத்துக்கு வெளியே சில மைல் தூரத்தில் வந்து நின்று முற்றுகையிட்டது. துறைமுகத்துக்குள் தென்னாட்டு ராணுவம் பிளான்டர் என்ற நீராவிக் கப்பலைப் படைக் காரியங்களுக்கு எடுத்துக்கொண்டது. பஞ்சு மூட்டை ஏற்றுவதற்கென்று கட்டப்பட்ட, இருபுறமும் சக்கரம் வைத்த கப்பல் அது. ஆழமில்லாத உப்பங்கழிகளிலும் சுலபமாய்ப் போகும். அதற்குச் சக்கரக்காரனாக ராபர்ட் வந்தான். கப்பலில் மூன்று வெள்ளை அதிகாரிகள். மற்ற ஆட்களெல்லாம் அடிமைகள்.

ஒருநாள் அந்த ஆட்களில் ஒருவன், கப்பல் தலைவரின் அகன்ற வைக்கோல் தொப்பியை ராபர்ட்டின் தலையில் வைத்துப் பார்த்து, அச்சாக அவரைப் போலவே இருக்கிறாய் என்று பரிகாசம் செய்தானாம். எல்லோரும் சிரித்தார்கள். ராபர்ட் மட்டும் சிரித்துவிட்டு மறக்கவில்லை. அந்த வேடிக்கையைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்தான்.

1862-ம் ஆண்டு மே 12-ம் தேதி பிளான்டர், கோல்ஸ் தீவில் இருந்த நான்கு பெரிய பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் திரும்பியது. மறுநாள் காலை அவற்றைத் துறைமுகத்துக் கோட்டை ஒன்றில் இறக்க வேண்டும். இரவில் அதிகாரிகள் கப்பலை விட்டு அகலக்கூடாது என்பது ராணுவ உத்தரவு. அன்றிரவு மூவரும் உத்தரவை மீறி வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்கள். அடிமைகள்தானே, என்ன செய்துவிடுவார்கள் என்ற நினைப்பு.

தப்பிப்பதைப் பற்றி முன்னமே ஆட்களோடு பேசி முடித்திருந்தார் ராபர்ட். (இனி அவரை அவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.) ஹன்னாவிடமும் சொல்லியிருந்தார். பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். சுட்டுக் கொல்வார்கள் என்று மறைக்காமல் சொன்னார். அவர் சாகிற இடத்தில் தானும் சாகத் தயார் என்று, வேதாகமத்து ரூத் தன் மாமியாருக்குச் சொன்னதைப் போலவே அவள் பதில் சொன்னாள். பிடிபடும் நிலை வந்தால் கப்பலைத் தகர்த்துவிடுவது, அதுவும் முடியாவிட்டால் எல்லோரும் கைகோத்துக் கடலில் குதித்துவிடுவது என்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். ஒரு குருவானவன் என்ற முறையில் இந்தத் தீர்மானத்தை நான் சரியென்று சொல்ல முடியாது. பிடிபட்ட அடிமைகளுக்கு அங்கே நேர்ந்ததை அறிந்தவன் என்ற முறையில் அவர்கள்மேல் கல்லெறியவும் முடியாது.

13-ம் தேதி விடியற்காலை 3 மணிக்குக் கொதிகலனில் நெருப்பு மூட்டினார்கள். ராபர்ட் தலைவரின் உடையைப் போட்டுக்கொண்டார். அந்த வைக்கோல் தொப்பியையும் வைத்துக்கொண்டார். கப்பல் கட்டியிருந்த துறைக்கு எதிரிலேயே தளபதியின் அலுவலகம், காவல்காரன் நின்றுகொண்டிருந்தான். கப்பல் அதிகாலையில் புறப்படுவது வழக்கந்தானே என்று பேசாமல் இருந்துவிட்டான். நேரே வெளிக்கடலுக்குப் போனால் தப்புவது சுலபம். ஆனால் பிளான்டர் முதலில் எதிர்ப்பக்கமாய்த் திரும்பி, வேறொரு துறைக்குப் போயிற்று. அங்கே ஹன்னாவும் இரண்டு குழந்தைகளும் மற்ற ஆட்களின் உறவினரும் ஒளிந்து காத்திருந்தார்கள். ஆக மொத்தம் 16 பேர். அவர்களில் பெண்கள் ஐந்து, குழந்தைகள் மூன்று.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டைகளைக் கடக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாய்ப் போனால் சந்தேகம் வரும். மெதுவாய்ப் போனால் விடிந்துவிடும். தலைவர் வழக்கமாய் நிற்கிற இடத்தில், அவர் நிற்கிற மாதிரியே கைகட்டிச் சாய்ந்து நின்றுகொண்டு, ஒவ்வொரு கோட்டைக்கும் உரிய ஊதல் சைகையைக் கொடுக்கச் செய்தார் ராபர்ட். ஏறக்குறைய 4½ மணிக்குச் சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு நேர் கீழே வந்தார்கள். கூட இருந்தவர்களில் சிலர், கோட்டையை விட்டு இன்னும் விலகிப் போகும்படி கெஞ்சினார்கள். வழக்கமான பாதையை விட்டு விலகினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் இணங்கவில்லை. கப்பலின் கீழ் அறையில் பெண்கள் அழுதுகொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்தார்கள். இரண்டு நீண்ட ஊதல், ஒரு குறுகிய ஊதல். கோட்டையிலிருந்து போகலாம் என்று உத்தரவு வந்தது.

பீரங்கிக் குண்டு எட்டாத தூரம் போனதும் தென்னாட்டுக் கொடியை இறக்கி, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றினார்கள். ஆனால் ஆபத்து தீர்ந்துவிடவில்லை. மங்கலான வெளிச்சத்தில், எதிரிக் கப்பலொன்று தன்மேல் வருவதாக நினைத்த ஆன்வர்ட் என்ற வடநாட்டுப் போர்க்கப்பல் சுடுவதற்குத் தயாராயிற்று. சரியான வேளையில் யாரோ அந்த வெள்ளை விரிப்பைக் கவனித்துவிட்டார்கள்.

கப்பலோடு சொந்தப் பீரங்கி இரண்டு, ஏற்றி வந்த பீரங்கி நான்கு, ரகசியச் சைகைப் புத்தகம், கடலுக்கடியில் கண்ணி வைத்த இடங்களைப் பற்றிய விவரம் எல்லாம் வடநாட்டார் கைக்கு வந்தன. இவை எல்லாவற்றையும்விட ராபர்ட் தலைக்குள் கொண்டுவந்ததே அதிகப் பிரயோசனமானது என்று கடற்படைத் தளபதி டூபான்ட் மேலிடத்துக்கு எழுதினார். கோல்ஸ் தீவின் காவலைத் தென்னாட்டார் கைவிட்டுவிட்டார்கள் என்ற செய்தியை அவர்தான் சொன்னார். ஒரு வாரத்துக்குள் வடநாட்டார் அந்த இடத்தைச் சண்டையின்றிப் பிடித்தார்கள். கப்பலின் மதிப்பில் பாதியை அதைக் கொண்டுவந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கும் சட்டத்தில் ஜனாதிபதி லிங்கன் மே 30-ம் தேதி கையெழுத்திட்டார். ஸ்மால்ஸுக்குக் கிடைத்தது 1,500 டாலர். கப்பலை வேண்டுமென்றே மலிவாக மதிப்பிட்டார்கள் என்ற குறை பின்னால் வெகுகாலம் பேசப்பட்டது. அது நியாயமான குறை என்றே நானும் நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் 800 டாலருக்கு மனைவி மக்களை வாங்கப் பணம் சேர்த்தவருக்கு இப்போது மனைவி மக்கள் விலையின்றிக் கிடைத்துவிட்டார்கள். கையில் பணமும் இருந்தது. வடக்கே எங்கேயாவது போய்ச் சுகமாயிருந்திருக்கலாம். அவர் போகவில்லை. அந்த ஆகஸ்டில் பிரெஞ்சு என்ற போதகரோடு வாஷிங்டனுக்குப் போய், கறுப்பின மக்களைப் போர்வீரர்களாய்ச் சேர்த்துக்கொள்ளும்படி யுத்த மந்திரி ஸ்டான்டனிடம் வேண்டினார். 5,000 பேர் வரை சேர்த்துக்கொள்ள உத்தரவு கிடைத்தது. மறு ஆண்டு ஏப்ரலில் கியோகக் என்ற இரும்புக் கவசக் கப்பலுக்கு மீகாமனாக நின்று, தாம் தப்பி வந்த அதே சம்டர் கோட்டையைத் தாக்கப் போனார். 90-க்கு மேற்பட்ட குண்டுகள் பட்டு, மறுநாள் காலை அந்தக் கப்பல் மூழ்கியது, ஆட்கள் பிழைத்தார்கள். அந்த ஆண்டு முடிவில் பிளான்டர் கப்பல் குண்டு மழையில் சிக்கியபோது, அதன் வெள்ளைத் தலைவர் சரணடைய விரும்பி, நிலக்கரி அறையில் போய் ஒளிந்துகொண்டார். சரணடைந்தால் வெள்ளையர் யுத்தக் கைதிகள் ஆவார்கள். கறுப்பினத்தவருக்கு அந்த மரியாதை கிடைக்காது. ஸ்மால்ஸ் சக்கரத்தைத் தாமே பிடித்துக் கப்பலை வெளியே கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அந்தக் கப்பலுக்கு அவரே தலைவரானார்.

1864-ல் பிளான்டரைப் பழுது பார்க்கப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் பல மாதம் அங்கே கிடந்தது. அவருக்கு அப்போது வயது 25. அந்த நகரத்தில் ஆசிரியர் வைத்துக்கொண்டு எழுத்தும் வாசிப்பும் கற்றார். பெரிய வீரன் என்று பெயர் வாங்கியவர், சிறு பிள்ளையைப் போலப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். சம்டர் கோட்டையைக் கடந்ததைவிட இதற்குத் தாழ்ச்சி அதிகம் வேண்டும் என்பது என் எண்ணம். முதியோர் பள்ளிக்கு வர வெட்கப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

அதே நகரத்தில், அந்த ஆண்டு முடிவில், குதிரை டிராம் வண்டியில் ஏறி உட்கார்ந்தவரைக் கறுப்பன் என்பதற்காக இடத்தை விட்டு எழுந்து போகச் சொன்னார்கள். அடிமைத்தனம் ஒழிந்த வடநாட்டிலேயே இப்படி. அவர் இறங்கி, கப்பல் கிடந்த துறை வரைக்கும் நடந்தே போனார். செய்தி பத்திரிகைகளில் வந்து பலருடைய மனச்சாட்சியைக் குத்தியது. இதுவும் இதுபோன்ற பல வழக்குகளும் சேர்ந்து, 1867-ல் பென்சில்வேனியா மாகாணத்தில் அந்தப் பாகுபாட்டை விலக்கிச் சட்டம் பிறந்தது.

யுத்தத்தின் நடுவிலேயே பியூபோர்ட் நகரம் வடநாட்டார் வசமாகியிருந்தது. வரி கட்டாத வீடுகளை அரசாங்கம் ஏலம் விட்டபோது, பிரின்ஸ் தெருவில் இருந்த ஒரு வீட்டை ஸ்மால்ஸ் வாங்கினார். அது எந்த வீடு என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். எந்த வீட்டுக்குப் பின்னாலிருந்த குடிசையில் அவர் பிறந்தாரோ அந்த மக்கீ வீடு. தம் தாயார் லிடியாவை அங்கே கொண்டுவந்து வைத்தார். யுத்தத்துக்கு முன் மக்கீயிடமிருந்து அதை வாங்கியிருந்த குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஸ்மால்ஸுக்கே வீடு என்று முடிந்தது. அந்த வீட்டைப் பற்றிச் சந்ததியார் வழிவழியாகச் சொல்லிவரும் சரித்திரம் ஒன்று உண்டு. பழைய எஜமானி மக்கீ அம்மாள் முதுமையில் புத்தி தடுமாறிய நிலையில் ஒருநாள் வாசற்படி ஏறி வந்தாளாம். யுத்தம் நடந்ததோ வீடு கைமாறியதோ நினைவில் இல்லை. தன் வீட்டுக்கே வந்திருப்பதாக எண்ணம். ஸ்மால்ஸ் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவளுடைய பழைய அறையையே கொடுத்துத் தங்கவைத்துப் பராமரித்தார் என்கிறார்கள். லிடியா எத்தனை ஆண்டு அந்த அம்மாளுக்கு ஊழியம் செய்தாள் என்பதை நினைத்தால்தான், அந்தக் கதவைத் திறந்துவிட்ட கையின் அருமை தெரியும்.

இனி அவருடைய சட்டசபை வாழ்க்கை. 1868-ம் ஆண்டு ஜனவரியில் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியல் சட்டம் எழுத ஒரு சபை சார்ல்ஸ்டனில் கூடியது. பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர். பலர் சில ஆண்டுகளுக்கு முன் அடிமைகளாயிருந்தவர்கள். நிலம், வரி, வாக்குரிமை என்று எத்தனையோ விஷயங்கள் அங்கே வந்தன. ஸ்மால்ஸ் கொண்டுவந்த தீர்மானம் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. மாகாணத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் இலவசப் பள்ளிகள் வேண்டும். பெற்றோர் பிள்ளைகளை அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்பாவிட்டால் தண்டனை வேண்டும் என்று கேட்டார். அது கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டதல்ல. ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அதுவரை எழுத்து வாசனை இல்லாமல்தான் கிடந்தார்கள். பணக்காரத் தோட்ட முதலாளிகள் தங்கள் பிள்ளைகளுக்குத் தனியே ஆசிரியர் வைத்துக்கொண்டதால் மாகாணம் பள்ளிக்கென்று பெரிதாய்ச் செலவு செய்ததில்லை. புதிய சட்டத்தில் இலவசப் பள்ளி ஏற்பட்டது. 6 முதல் 16 வயதுக்குள் குறைந்தது 24 மாதமாவது பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. எழுதிய விதி அவ்வளவும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் எழுத்துக் கற்பிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் வந்து 34 ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. பியூபோர்ட்டில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்காக ஒரு மாடிக் கட்டடத்தையும் அவர் வாங்கிக் கொடுத்தார்.

அதே ஆண்டு மாகாணச் சட்டசபைக்கும், 1870-ல் மேல்சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1875 முதல் 1887 வரை, இடையில் சில தடவை தோற்றும், அமெரிக்கக் காங்கிரஸ் மகாசபையில் பிரதிநிதியாயிருந்தார். 1876-ல் நெல் வயல்களில் வேலை செய்த கூலிகள் வேலை நிறுத்தம் செய்து கலகம் மூளும் நிலை வந்தபோது, அவரே நேரில் போய் இரத்தம் சிந்தாமல் தீர்த்துவைத்தார்.

ஆனால் அந்த 1876-ம் ஆண்டோடு காலம் மாறிவிட்டது. சிவப்புச் சட்டை போட்டுத் துப்பாக்கியோடு திரிந்த வெள்ளையர் கூட்டம் வாக்குச் சாவடிகளை மிரட்டி, மாகாண ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்மால்ஸ்மேல் லஞ்ச வழக்கு வந்தது. மேல்சபையில் அச்சு வேலைகளுக்குப் பொறுப்பாயிருந்தபோது 5,000 டாலர் வாங்கினார் என்று குற்றம் சாட்டி, மூன்றாண்டு கடுங்காவல் விதித்தார்கள். பிரதான சாட்சி சொன்னவன், தானே பொதுப் பணத்தைக் கையாடி ஓடிப் பிடிபட்டு, சாட்சி சொன்னால் மன்னிப்பு என்ற வாக்குறுதியின்மேல் வந்தவன். தேர்தல் குற்றங்களுக்காக மறுதரப்பார்மேல் இருந்த வழக்குகளைக் கைவிடுவதற்குப் பதிலாக, 1879-ல் கவர்னர் ஸ்மால்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் காலத்துச் சட்டசபையில் லஞ்சம் இருந்தது மெய். வெள்ளையர் கையிலும் இருந்தது, கறுப்பினத்தவர் கையிலும் இருந்தது. அவர்மட்டும் துரும்புகூடத் தொடாதவர் என்று சத்தியம் செய்ய நான் முன்வரவில்லை. இப்படிப்பட்ட சாட்சியின்மேல் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்புவது நீதியல்ல என்பதை மட்டும் சொல்வேன்.

அடிகள் தொடர்ந்து விழுந்தன. பிளான்டர் கப்பல், தரை தட்டிய வேறொரு கப்பலுக்கு உதவப் போய், 1876-ல் புயலில் அழிந்தது; குடும்பத்தில் ஒருவரை இழந்ததுபோல் அவர் துக்கப்பட்டாராம். 1883-ல் ஹன்னா இறந்தாள். இரண்டாவதாக விவாகம் செய்துகொண்ட ஆனி அம்மாளும் 1895-ல், சிறு மகனை விட்டுவிட்டு இறந்துபோனாள்.

அந்த 1895-ம் ஆண்டில்தான் தென் கரோலினா மறுபடியும் புதிய அரசியல் சட்டம் எழுதச் சபை கூட்டியது. இம்முறை கொலம்பியா நகரத்தில். 160 பிரதிநிதிகளில் கறுப்பினத்தவர் ஆறே பேர். 56 வயதான ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். கறுப்பின மக்களிடமிருந்து வாக்குரிமையைப் பறிப்பதே சபையின் நோக்கம் என்பதை அதன் தலைவர்கள் மறைக்கவும் இல்லை. எந்த ஆயுதத்தைக் கொண்டு பறித்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. அரசியல் சட்டத்தின் பகுதி ஒன்றை வாசிக்கத் தெரிந்தவனுக்கே வாக்கு. வாசிக்கத் தெரியாவிட்டால், வாசித்துக் காட்டும்போது பொருள் சொல்லத் தெரிய வேண்டும். சொன்ன பொருள் சரியா, தவறா என்று தீர்ப்பவர் வெள்ளை அதிகாரி. ஒரு தலைமுறைக்கு முன் வாசிக்கக் கற்பதையே குற்றமாக்கினவர்களின் பிள்ளைகள், இப்போது வாசிக்கத் தெரியாததைக் குற்றமாக்கினார்கள்.

ஸ்மால்ஸ் எழுந்து பேசினார். யுத்தத்துக்குப் பின் தம் ஜனங்கள் எத்தனை ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள் என்பதையும், கொன்றவர்களில் தண்டனை அடைந்தவர்கள் எவ்வளவு சொற்பம் என்பதையும் எடுத்துச் சொன்னார். தம் இனத்துக்குச் சலுகை ஏதும் வேண்டாம், வாழ்க்கைப் போராட்டத்தில் சமமான வாய்ப்புக் கொடுத்தால் போதும் என்று கேட்டார். கலப்பு விவாகத்தைத் தடுக்கும் விதி வந்தபோது, அப்படியானால் கறுப்பினப் பெண்களை விவாகமின்றி வைத்துக்கொண்டிருக்கும் வெள்ளையர் யாரும் அரசாங்கப் பதவி வகிக்கக்கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து, சபையில் பலரை நெளியச் செய்தார். திருத்தம் தோற்றது. வாக்குரிமையும் பறிபோயிற்று. சட்டம் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கும் நேரம் வந்தபோது ஸ்மால்ஸ் மறுத்துவிட்டார். கையெழுத்திடாதவர்களுக்கு வழிச்செலவுப் பணம் கிடையாது என்ற பேச்சு எழுந்தது. அப்படியானால் பியூபோர்ட்டுக்கு நடந்தே போய்விடுகிறேன் என்று பதில் சொன்னார். பிலடெல்பியாவில் டிராம் வண்டியை விட்டு இறங்கி நடந்தவர் அல்லவா!

அதன்பின் பியூபோர்ட் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக 1913 வரை வேலை பார்த்தார். 1915-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், தாம் பிறந்த குடிசை நின்ற அதே மனையின் பெரிய வீட்டில், 75-ம் வயதில் உயிர் துறந்தார். பியூபோர்ட்டில் பாப்டிஸ்ட் சபையாரின் கோவில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பெயரை அமெரிக்கக் கடற்படை 2023-ல் தன் போர்க்கப்பல் ஒன்றுக்குச் சூட்டியது. அதற்கு முன் அந்தக் கப்பலுக்கு இருந்த பெயர், தென்னாட்டார் வெற்றி பெற்ற ஒரு போர்க்களத்தின் பெயர். மறு ஆண்டு, 2024-ல், கொலம்பியாவில் மாகாணச் சட்டசபை மாளிகையின் வளாகத்தில் அவருக்குச் சிலை நிறுவ வேண்டுமென்று தென் கரோலினா சட்டம் இயற்றியது.